இல்லை என்பதும் பதில்தான்

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். போன ஜூனில் ஒரு மாலை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நெட் இருக்கு. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. இவளுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் போட நாளைக்குக் கடைசி நாள்" என்றார். மோடத்தை நான்கு முறை அணைத்துப் போட்டாயிற்று. கணினியையும் அப்படியே. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டதற்கு, "லைன் சரியாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. லைன் சரியாகத்தான் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போய், கணினியின் கட்டளைத் திரையைத் திறந்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வருமே, அந்தத் திரை. பிங் என்ற கட்டளையை அடித்து, இடம் விட்டு, 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தேன். பதில் வந்தது, பதில் வந்தது என்று நான்கு வரிகள் விழுந்தன. அந்த வீட்டு மேசையிலிருந்து கிளம்பிய சின்னச் செய்தி ஒன்று கூகுளின் சர்வரைத் தொட்டுவிட்டு, கண் இமைப்பதற்குள் திரும்பி வந்திருக்கிறது. அடுத்து, எண்ணுக்குப் பதிலாகத் தமிழ்நாடு அரசின் இணையதளப் பெயரைக் கொடுத்தேன். சில வினாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி: இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பெயரைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார். "ஸ்பெல்லிங் சரியாத்தானே தம்பி இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. எண்ணைக் கொடுத்தால் போகிறது, பெயரைக் கொடுத்தால் போகவில்லை. இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டுக் கணினியில் "நெட் வரவில்லை" என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் கோளாறு உண்மையில் இரண்டு வகை. ஒன்று, பாதையே அடைபட்டிருப்பது. மற்றொன்று, பாதை திறந்திருக்கிறது, எங்கே போக வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. இரண்டாவது வகை வந்தால் மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்புகூட அறுபடாமல் தொடரும். அதற்கான எண் முன்பே தெரிந்துவிட்டது. புதிதாக ஒரு பக்கத்தைத் திறக்கப் போனால்தான் சிக்கல் தெரியும்.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். பெயர்கள் மனிதர்களுக்காக வந்தவை. 1970களில் அர்ப்பாநெட் என்ற ஆய்வு வலையமைப்பில் மொத்தமே சில நூறு கணினிகள்தான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி தலைமையேற்ற தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதுக் கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றால் அலுவலக நேரத்தில் அவர்களுக்குப் போன் செய்யவேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கோப்பைப் புதிதாக இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மோக்கபெட்ரிஸ், ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன் பேரில் வேறொரு முறையை வகுத்தார். இன்று டிஎன்எஸ் என்கிறோமே, டொமைன் பெயர் அமைப்பு, அது அதுதான்.

அந்தப் பழைய கோப்பு அடியோடு மறைந்துவிடவில்லை. உங்கள் வீட்டுக் கணினியிலும் இருக்கிறது. விண்டோஸில், சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பைப் பார்க்கலாம். கணினி வெளியே விசாரிப்பதற்கு முன்னால் இன்றைக்கும் முதலில் புரட்டுவது அதைத்தான். அதில் ஒரு பெயருக்கு எதிரே தப்பான எண்ணை யாராவது எழுதிவைத்தால், உலகத்தில் உள்ள அத்தனை சர்வர்களும் சரியான எண்ணைச் சொன்னாலும் உங்கள் கணினி கேட்காது. தீய நிரல்கள் இந்தக் கோப்பில் கை வைப்பது அதனால்தான்.

டிஎன்எஸ்ஸை விளக்க வருபவர்கள் பலரும் அதைத் தொலைபேசிப் புத்தகம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அந்த உவமையில் உடன்பாடு இல்லை. பழுது பார்க்க உட்காரும்போது அது வழி தவறவைக்கிறது. தொலைபேசிப் புத்தகத்தில் எல்லாப் பெயரும் ஒரே இடத்தில் அச்சாகியிருக்கும். டிஎன்எஸ்ஸில் முழுப் பட்டியலை வைத்திருப்பவர் உலகத்தில் யாருமே கிடையாது. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வீட்டைத் தேடுவதைப் போன்றது அது. பஸ் ஸ்டாண்டில் கேட்டால், "அந்த ஏரியாவா? ஆட்டோ ஸ்டாண்டுல கேளுங்க" என்பார்கள். ஆட்டோக்காரர் தெருவைக் கை காட்டுவார். தெருமுனைக் கடைக்காரர்தான் வீட்டைச் சொல்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

உங்களுக்காக இப்படி அலைந்து விசாரித்துவிட்டு வரும் சர்வருக்கு ரிசால்வர் என்று பெயர். வழக்கமாக அதை இணைப்பு தரும் நிறுவனம் நடத்தும். தமிழ்நாடு அரசின் தளத்தை நீங்கள் கேட்டால், ரிசால்வர் முதலில் ரூட் சர்வர்களிடம் போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் உள்ளவை அவை. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றுக்குப் பிரதிகள் உண்டு. ரூட் சர்வருக்குத் தமிழ்நாட்டுத் தளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தியாவின் ஐஎன் என்ற முடிவைக் கவனிப்பவர்கள் யார் என்று மட்டும் கை காட்டும். அங்கே போனால் அரசுத் தளங்களைக் கவனிப்பவரைக் கை காட்டுவார்கள். அவரிடம் போனால்தான் கடைசியில் எண் கிடைக்கும். கிடைத்த எண்ணை ரிசால்வர் உங்களுக்குச் சொல்லிவிட்டு, தன்னிடமும் கொஞ்ச நேரம் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்து அதே பெயரைக் கேட்பவருக்காக மறுபடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி எவ்வளவு சிறியது என்று ஒரு தடவை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் தளப் பெயர் நான்கு துண்டுகள்: டபிள்யூ மூன்று, டிஎன், ஜிஓவி, ஐஎன். இந்தப் பெயருக்கு எண் என்ன என்று உங்கள் கணினி அனுப்பும் கேள்வி மொத்தம் 31 பைட். அதில் முதல் 12 பைட் தலைப்பு. தலைப்பின் முதல் இரண்டு பைட் டோக்கன் எண். அதே டோக்கனோடு வரும் பதிலைத்தான் கணினி ஏற்கும். அடுத்து பெயர், 15 பைட். நாம் துண்டுகளுக்கு நடுவே போடும் புள்ளி ஒன்றுகூட இதில் இல்லை. 3 என்ற எண், பிறகு மூன்று டபிள்யூ, 2 என்ற எண், பிறகு டிஎன், 3, ஜிஓவி, 2, ஐஎன், கடைசியில் ஒரு 0. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம். அந்தக் கடைசிச் சுழிதான் ரூட். இணையத்தில் உள்ள எல்லாப் பெயர்களும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழியில்தான் முடிகின்றன. மிச்சம் நான்கு பைட், என்ன வகையான விவரம் வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒரு குறுஞ்செய்தியைவிடச் சிறிய இந்தக் கேள்விக்குப் பதில் வந்தால்தான் எந்தப் பக்கமும் திறக்கும்.

நம் எழுத்துக்கும் இதில் இடம் உண்டு. புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன் பெயர்கள் இன்று இருக்கின்றன. ஆனால் உள்ளே ஓடும் கேள்வியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. உலாவி அதை எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அனுப்பும். பழைய மென்பொருள் சிலவற்றுக்கு இந்த மாற்றம் தெரியாது. தமிழில் டொமைன் வாங்கிய ஒருவர் "என் தளம் சில இடத்துல மட்டும் திறக்கலை" என்றால், நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இனி வருவதை மறக்க வேண்டாம். பதிலின் தலைப்பில் நான்கே நான்கு பிட் அளவுக்கு ஒரு இடம் உண்டு. கேள்வி என்ன ஆனது என்ற விவரம் அதில் ஓர் எண்ணாக வரும். 0 என்றால் கோளாறு இல்லை. 3 என்றால், அப்படி ஒரு பெயரே இல்லை. 2 என்றால், விசாரித்தேன், நடுவில் எங்கோ தடை, என்னால் முடியவில்லை. 5 என்றால், உனக்குச் சொல்ல மாட்டேன். இவை எதுவும் இல்லாமல் பதிலே வராமல் போவது தனி வகை.

பெரும்பாலான நேரம் உலாவி இவை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பக்கத்தில் காட்டுகிறது: தளத்தை அடைய முடியவில்லை என்று ஒரு வாக்கியம், கீழே பொடி எழுத்தில் ஒரு குறியீடு. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. உண்மையில் நோயின் பெயர் அதில்தான் இருக்கிறது. "இல்லை" என்று வந்தால், ரிசால்வர் உயிரோடு இருக்கிறது, அதுவரை பாதையும் சரி, கேள்வியில்தான் பிழை. பெயரைத் தப்பாக அடித்திருப்பீர்கள், அல்லது டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். "முடியவில்லை" என்று வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வெளியே, தளத்துக்காரரின் பக்கம். "சொல்ல மாட்டேன்" என்றால் நீங்கள் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள். மௌனம் என்றால், கேட்ட ஆளே அங்கு இல்லை, அல்லது நடுவில் யாரோ வழியை மறிக்கிறார்கள். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் மோடத்தை அணைத்துப் போடுவது, வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

சார் வீட்டுக் கணினிக்கு வருகிறேன். அதே கறுப்புத் திரையில் என்எஸ்லுக்கப் என்ற கட்டளையை அடித்துப் பெயரைக் கொடுத்தேன். பிங் மாதிரி அல்லாமல் இந்தக் கட்டளை, தான் யாரிடம் கேட்கிறது, அவர் என்ன சொன்னார் என்பதை வெளிப்படையாகச் சொல்லும். முதல் வரியிலேயே ரிசால்வரின் எண் வந்தது. அடுத்து, இரண்டு வினாடி காத்திருந்தேன், பதில் இல்லை. மறுபடி இரண்டு வினாடி, பதில் இல்லை. மௌனம்.

இப்போது இதே கேள்வியை வேறு ஆளிடம் கேட்க வேண்டும். என்எஸ்லுக்கப்பில் பெயருக்குப் பின்னால் இன்னொரு எண்ணைச் சேர்த்தால், இவரிடம் கேள் என்று அர்த்தம். கூகுள் 2009 முதல் நடத்தும் பொது ரிசால்வரின் எண் 8.8.8.8. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2018இல் திறந்தது 1.1.1.1. எண்ணே நினைவில் நிற்க வேண்டும் என்பதால்தான் இப்படிப்பட்ட எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டுபிடிக்கும் ஆளைப் பெயர் சொல்லித் தேட முடியாதே. 8.8.8.8ஐச் சேர்த்து அடித்தேன். அடித்த கையோடு தமிழ்நாடு அரசுத் தளத்தின் எண் திரையில் வந்து நின்றது.

ஆக, பெயர் உண்டு, பாதை உண்டு, வெளியே போய் விசாரிக்கவும் வழி உண்டு. இந்தக் கணினி வழக்கமாகக் கேட்கும் ஆள் மட்டும்தான் பேசவில்லை. பேத்தியின் கைபேசியில் அதே வைஃபையில் எல்லாம் திறக்கிறதா என்று கேட்டேன். "திறக்குது மாமா" என்றாள். அப்படியானால் ரவுட்டர் மேலும் குற்றம் இல்லை. கணினிக்கு மட்டும் யாரோ தனியாக ஓர் ஆளைக் காட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இணைப்பின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். "டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறுக" என்ற இடத்தில் குறி இல்லை. கீழே கையால் எழுதிய இரண்டு எண்கள். "சார், முன்னாடி வேற கம்பெனி இணைப்பு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்தாராம். அன்றைக்கு வந்த பையன் அந்த நிறுவனத்து ரிசால்வரின் எண்களைக் கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் தங்கள் ரிசால்வரைத் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் திறந்துவைக்கும். வெளியாள் கேட்டால் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லும், அல்லது பேசாமல் இருந்துவிடும். அதற்கு முந்தைய வாரம்வரை அந்தப் பழைய ரிசால்வர் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு நாளில் கதவைச் சாத்திவிட்டார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. குறியைத் "தானாகப் பெறுக" என்பதற்கு மாற்றிவிட்டு, கல்லூரியின் பக்கத்தைத் திறந்தோம். திறந்தது. விண்ணப்பம் அன்று இரவே போய்விட்டது.

அந்த இரண்டு எண்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை உலகம் பெரிய அளவில் பார்த்தது டிஎன்எஸ்சேஞ்சர் விவகாரத்தில்தான். 2007 முதல் எஸ்டோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல் ஒரு தீய நிரலைப் பரப்பியது. அந்த நிரல் கோப்புகளை அழிக்கவில்லை, கடவுச்சொல் கேட்டுப் பயமுறுத்தவும் இல்லை. கணினியில் இருந்த டிஎன்எஸ் எண்களை எடுத்துவிட்டு, அந்தக் கும்பலின் சர்வர் எண்களை எழுதியது. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த ரவுட்டர்களுக்குள்ளும் நுழைந்து அதே காரியத்தைச் செய்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்கும் ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்பவர்கள் இவர்கள்தான். பெரும்பாலும் சரியான பதிலையே சொன்னார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் வேறு எண்ணைச் சொல்லி, தங்கள் விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின. ஒரு கோடியே 40 லட்சம் டாலர் சம்பாதித்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது.

2011 நவம்பரில் எஸ்டோனியப் போலீஸ் ஆறு பேரைக் கைது செய்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ அந்த சர்வர்களைக் கைப்பற்றியது. அங்கேதான் எதிர்பாராத சிக்கல். திருடர்களின் சர்வர்களை உடனே நிறுத்திவிட்டால், அவற்றையே நம்பிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு பெயரும் திறக்காது; அந்த வீட்டுக்காரர்களுக்குக் காரணமும் தெரியாது. ஆகவே நீதிமன்றத்தின் அனுமதியோடு, அதே எண்களில் நேர்மையான ரிசால்வர்களை வைத்து நடத்தும் பொறுப்பை இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சோர்ட்டியம் என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் கொடுத்தார்கள். மக்கள் கணினியைச் சுத்தம் செய்துகொள்ள அவகாசம் கிடைத்தது. முதலில் 2012 மார்ச் வரை என்று இருந்த கெடுவை நீட்டித்தார்கள். 2012 ஜூலை 9 அன்று அந்தத் தற்காலிக சர்வர்களையும் அணைத்துவிட்டார்கள். அன்றும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் பழைய எண்கள் அப்படியே இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு அன்று வந்தது, சார் வீட்டில் வந்த அதே மௌனம்தான். எப்போதோ எழுதிய இரண்டு எண்கள், கைவிட்டுப் போன ஒரு சர்வர். கை மட்டும்தான் வேறு.

கோளாறு எப்போதும் இப்படி வெளிச்சத்தில் இருக்காது. நண்பர் ஒருவர் தன் கடைக்கு டொமைன் வாங்கினார். பணம் கட்டிய உடனே ஆவலில் உலாவியில் பெயரை அடித்துப் பார்த்தார். இன்னும் பதிவு நடந்து முடியவில்லை. "இல்லை" என்று பதில் வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் தயாராகிவிட்டது. அவர் மனைவியின் கைபேசியில் தளம் திறந்தது. அவர் கணினியில் மட்டும் "இல்லை". சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். ரிசால்வர்கள் கிடைத்த எண்ணைக் குறித்துவைப்பது போலவே, "இல்லை" என்ற பதிலையும் குறித்துவைத்துக்கொள்ளும். 1998இல் இதற்கென்றே ஒரு விதிமுறை வகுத்திருக்கிறார்கள். சில நிமிடம் முதல் சில மணி நேரம்வரை அந்த "இல்லை" செல்லுபடியாகும். அதுவரை எத்தனை முறை கேட்டாலும் அது மறுபடி விசாரிக்கப் போகாது. தயாராகாத பெயரைக் கேட்காமல் இருப்பதுதான் இதற்கு நல்ல வழி. கேட்டுவிட்டால், வேறொரு ரிசால்வரிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் அந்தப் பழைய "இல்லை" இருக்காது.

குறித்துவைக்கும் இடம் ரிசால்வரில் மட்டும் இல்லை. உலாவி தனியாக ஒன்று வைத்திருக்கிறது, விண்டோஸ் ஒன்று வைத்திருக்கிறது, ரவுட்டரும் பெரும்பாலும் ஒன்று வைத்திருக்கிறது. விண்டோஸின் குறிப்பை ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற சொல்லைச் சேர்த்து அழிக்கலாம். அழிக்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். என்எஸ்லுக்கப் கட்டளை விண்டோஸின் குறிப்பையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்காது. நேரே ரிசால்வரிடம் போய்விடும். பிங் அப்படி இல்லை, உலாவி போகும் வழியில் போய் இரண்டையும் பார்க்கும். என்எஸ்லுக்கப் ஓர் எண்ணைச் சொல்லி, பிங் வேறு எண்ணைச் சொன்னால், அல்லது பிங்குக்கு மட்டும் எண்ணே கிடைக்காவிட்டால், பிழை உங்கள் கணினிக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய தளங்களுக்குப் பல எண்கள் இருக்கும் என்பதால், எண் மாறினாலே பதற வேண்டாம். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். பிங்கில் முதல் வரியை மட்டும் பாருங்கள். அதிலே எண் வந்துவிட்டால் பெயர் கிடைத்துவிட்டது என்று பொருள். அப்புறம் பதில் வராவிட்டால் பரவாயில்லை, பிங்குக்குப் பதில் சொல்வதில்லை என்றே பல தளங்கள் வைத்திருக்கின்றன.

கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய மேசைக் கணினியின் பலகையில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால், கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். உலாவியில் டிஎன்எஸ் கேள்வியைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு முறையை இன்று பலர் இயக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தேதி பொருந்தாவிட்டால் உலாவி அந்த ரிசால்வரை நம்பாது. பெயர் கிடைக்காமல் போகலாம். ஒரு சின்ன பேட்டரிதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

வீட்டில் உட்கார்ந்து நாம் ஒன்றும் செய்ய முடியாத நாட்களும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரப்படி இரவு 9 மணி தாண்டியதும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் மறைந்தன. அந்த நிறுவனம் தன் உள்வலையமைப்பைப் பராமரிக்கும்போது நடந்த ஒரு தவறால், அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்தின் வரைபடத்திலிருந்து நீங்கிவிட்டது. சர்வர்கள் இருந்தன, வழி இல்லை. உலகம் முழுக்க ரிசால்வர்கள் விசாரிக்கப் போய், கேட்க ஆள் கிடைக்காமல், "முடியவில்லை" என்று திரும்பிவந்தன. சரியாவதற்கு ஆறு மணி நேரம் போல ஆயிற்று. அன்று இரவு எத்தனையோ வீடுகளில் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள். வேறு தளங்கள் திறக்கின்றன, இரண்டு ரிசால்வர்களிடம் கேட்டும் ஒரே "முடியவில்லை" வருகிறது என்று தெரிந்திருந்தால், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

சார் இப்போதெல்லாம் கோளாறு என்றால் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்: எண்ணுக்குப் பதில் வந்ததா, பெயருக்கு வந்ததா, வேறு ஆளிடம் கேட்டபோது என்ன வந்தது. நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை, வரிசை தப்பாது. பாதி நாட்களில் எழுதி முடிப்பதற்குள் காரணம் அவருக்கே புரிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் நெட் நன்றாக வரும் ஒரு நாளில் இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, டிஎன்எஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் உள்ள எண்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரவுட்டரிலும் பாருங்கள், அதன் கடவுச்சொல் இன்னும் தொழிற்சாலையில் போட்டதாகவே இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த எண்கள் யாருடையவை என்று இணைப்பு தரும் நிறுவனத்தைக் கேளுங்கள். சொல்வார்கள். கோளாறு வந்த அன்று தேட உட்கார்ந்தால், எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.